நாற்பத்திரண்டு பேர்

“பையை மடியில வெச்சுக்குங்கம்மா. அது ஆள் உட்கார்ற இடம்.”

“ஆள் வருது” என்றாள் பெரியக்கா, சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பட்டியலோடு வந்திருந்த அரசு அலுவலக எழுத்தர் மூன்றாம் முறையாகக் கேட்டு, மூன்றாம் முறையாக அதே பதிலைப் பெற்றார். கடலோரத் தெருவைக் காலி செய்யும் கடைசிப் பேருந்து அது. வயதானவர்கள் இருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு துணிப்பை இருக்கையில் சொகுசாக அமர்ந்திருந்தது.

“பைக்கு முட்டி வலி போல. நிக்க முடியலை” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பேருந்து சிரித்தது.

ஓட்டுநரின் வானொலி புதிய அறிவிப்பைப் படித்தது. இரவு பத்து மணிக்குக் கரையைக் கடக்கும் என்று காலையில் சொன்ன புயல், வேகம் பிடித்துவிட்டது. இப்போது மாலை ஆறு என்றார்கள். மணி மூன்றரை. வழியிலுள்ள பாலத்தை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள்.

எழுத்தரின் பட்டியலில் நாற்பத்துமூன்று பெயர்கள். ஏறாமல் இருந்தது ஒருவர் மட்டுமே. பெரியக்காவின் தங்கை. தெருவுக்கே சின்னக்கா. ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு, பதினோரு ஆண்டுகளாக இருவரும் பேச்சில்லாமல் வாழ்கிறார்கள். தாயார் கண்மூடிய நாளில் யார் அருகில் இருக்கவில்லை என்பதில் தொடங்கிய சண்டை.

எழுத்தர் மழையில் இறங்கிப் போய்ச் சின்னக்காவின் கதவைத் தட்டினார். கதவு பாதிதான் திறந்தது.

“அவ இருக்கிற வண்டியில நான் ஏற மாட்டேன். அடுத்த வண்டியில வரேன்.”

அடுத்த வண்டியே கிடையாது என்று அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கதவு மூடிக்கொண்டது. பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே, ‘வர மறுத்துவிட்டார்’ என்று எழுதினார். விதி அதற்கு இடம் கொடுத்தது.

சொட்டச் சொட்ட நனைந்து திரும்பியவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“உங்க தங்கச்சிக்குப் புயல்கூடப் பரவாயில்லையாம். நீங்கதான் ஆகாதாம்” என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

மறுபடியும் சிரிப்பு. பெரியக்கா கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் வானொலியையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

“மாத்திரையை வீட்டுலயே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்.”

“இத்தனை பேர் உயிரைக் கையில பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. இப்பத்தான் உங்களுக்கு மாத்திரை ஞாபகம் வருதா?”

“திட்டுங்க தம்பி. பையை மட்டும் அங்கேயே இருக்க விடுங்க.”

அவள் இறங்கிப் போனதும் பேருந்துக்கு வாய் முளைத்தது. தன்னலக்காரி என்றார் ஒருவர். கூடப்பிறந்தவளே ஒதுங்கிப் போகிறாள் என்றால் இவள் எப்பேர்ப்பட்டவளாக இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். எழுத்தரும் தலையாட்டினார்.

பத்து நிமிடம் கழிந்தது. ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பினார். சந்திலிருந்து மழைக்கோட்டு அணிந்த உருவம் ஓடிவந்து, குனிந்த தலை நிமிராமல் ஏறி, பையின் பக்கத்தில் சன்னலோரம் அமர்ந்தது. மழைக்காக எல்லாச் சன்னல்களும் மூடியிருந்தன, உள்ளே அரையிருட்டு. எழுத்தர் பேனாவை நீட்டித் தலைகளை எண்ணினார். நாற்பத்திரண்டு. சரியாக இருந்தது.

“நாற்பத்திரண்டு பேரை ஏத்தியாச்சு சார். ஒருத்தர் மட்டும் மறுத்துட்டாங்க” என்று தொலைபேசியில் அலுவலகத்துக்குச் சொன்னார். பேருந்து புறப்பட்டது.

பாலத்தைக் கடந்ததும் காவலர்கள் பின்னால் தடுப்பை இழுத்து மூடினார்கள். எழுத்தருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. வயதில் மூத்தவளை நாலு பேர் எதிரில் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அருகில் போய் நின்றார்.

“மாத்திரை கிடைச்சுதாம்மா?”

மழைக்கோட்டின் தொப்பி விலகியது. சின்னக்கா.

“எந்த மாத்திரை?”

எழுத்தர் கடைசி வரிசை வரை கண்ணை ஓட்டினார். “உங்கக்கா எங்கே?”

“என் கதவைத் தட்டினா. இந்தப் பதினோரு வருஷத்துல முதல் தடவை. ‘எனக்கு ஆபீஸ் ஜீப்புல இடம் கிடைச்சிருக்கு. அந்த பஸ்ல நான் இல்லை, நீ போ’ன்னா. நான் பதில்கூடச் சொல்லலை.” பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஜீப்பு பின்னாலதானே வருது?”

அலுவலக ஜீப் நண்பகலிலேயே போய்விட்டது. எழுத்தர் பாலத்துக் காவலரைத் தொலைபேசியில் அழைத்தார். பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடுகிறது, காற்று ஓயும் வரை எதுவும் அந்தப் பக்கம் போகாது என்றார் அவர். எழுத்தர் இரண்டாம் முறையும் கேட்டார். பதில் மாறவில்லை.

சின்னக்காவிடம் எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். பக்கத்து இருக்கையைக் காட்டினாள்.

“இது யார் பை?”

“அவங்களுது. யாருக்கோ இடம் பிடிச்சு வெச்சிருந்தாங்க. நாங்க எல்லாரும் திட்டினோம்.”

அவள் அதை மடிக்கு இழுத்துத் திறந்தாள். மேலேயே இருந்தது மாத்திரை அட்டை.

அதன் கீழே தட்டு, தம்ளர், துவாலை, போர்வை. அத்தனை ஆண்டுகள் தனியாக வாழ்ந்த பெரியக்கா, எல்லாவற்றையும் இரண்டிரண்டாக எடுத்து வைத்திருந்தாள்.