மூன்றாம் ஜோடியின் வலப்பக்கம்

காசை வைத்ததை முதலில் சொல்வதா, எடுத்ததை முதலில் சொல்வதா? எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் வாயில் வரும் என்று நாகலெட்சுமிக்குப் பயம். தேத்தண்ணிக் கோப்பையோடு டிலுக்ஷியின் அறை வாசலில் நின்று, மனசுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்று தரமும் அவள் வேலை போனது.

"உள்ள வாங்கக்கா. எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

ஹட்டன் ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டறையில் கூரைத் தகரம் செய்கிறார்கள். தட்டையான தகட்டை ஒரு முனையில் விட்டால், எட்டு ஜோடி இரும்பு உருளைகளுக்கு நடுவே புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மடிந்து, மறுமுனையில் வரிவரியாக வெளியே வரும். நாகலெட்சுமி அங்கே கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றுகிறவள்.

புதுத் தகரம் ஒன்றுக்கு அந்த உருளைகளை வரைந்தது டிலுக்ஷி. இரும்பைத் தொடுவதற்கு முன்னால் நாலு மாதம் கம்ப்யூட்டருக்குள்ளேயே தகரத்தை ஓட்டிப் பார்த்தாள். எந்த இடத்தில் இழுபடும், எந்த இடத்தில் நெளியும் என்று திரையில் நிறம் மாறிக் காட்டும். எல்லாம் சரிவந்த பிறகுதான் உருளைகளைக் கடைந்தார்கள். முதல் தகரம் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மெஷின்கார நல்லமுத்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து மெஷினில் கட்டிவிட்டார். முதலாளி றிச்சர்ட் அதைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

"இது கம்ப்யூட்டர் சொல்லி ஓடுற மெஷினு. பழம், காசு, திருநீறு, எதையாச்சும் இதுல பாத்தேன், வச்ச ஆளு கேட்டுக்கு வெளியதான்."

சொல்லும்போது கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டார்.

காசு என்ற சொல் காதில் விழுந்ததும் நாகலெட்சுமி கூட்டுவதை நிறுத்திவிட்டாள். மெஷினைப் பூட்டி நிறுத்திய அன்று, மூன்றாம் ஜோடியின் வலப்பக்கத் தாங்கிக்கு அடியில் ஒரு பத்து ரூபாய்க் காசைத் தள்ளி வைத்தவள் அவள்தான். வீட்டுக்கு நிலை வைக்கும்போது வைப்பதில்லையா, அது மாதிரி.

முதலாளி கத்தியதற்கு மறுநாள், நல்லமுத்து துடைப்பதற்காக அந்தத் தாங்கியின் நட்டுகளைத் தளர்த்திய நேரம், கொண்டை ஊசியால் காசை இழுத்து எடுத்துவிட்டாள்.

அப்போதிருந்து தகரம் கோணிக்கொண்டு வந்தது. டிலுக்ஷி இரண்டு நாளாக வரைபடத்தில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வைத்தே முதலாளி கேட்டார். "நாலு மாசம் படம் பாத்ததுக்கு இதுதானாம்மா? நாளைக்குத் தேயிலைத் தோட்டத்துல இருந்து ஆளுங்க தகரம் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள நேரா வரலேன்னா, மிச்சப் படத்த வீட்டுல இருந்தே பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பயத்தில் நாகலெட்சுமியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் அவளை இந்த வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது.

"மிஸ், நா ஒரு காசு வச்சேன். இல்ல, எடுத்தேன். வச்சதனாலதான் எடுத்தேன்."

நினைத்தது போலவே தப்பாகத்தான் வந்தது. ஆனால் டிலுக்ஷிக்குப் புரிந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"காசு வச்சாத்தான் தகரம் ஓடுமாக்கா? படிச்ச காலத்துல இருக்கோம்."

"நா அஞ்சாம் வகுப்பு மிஸ்."

டிலுக்ஷி திரைப் பக்கம் திரும்பினாள். சிரிப்பு மெதுவாக நின்றது.

"காச எடுத்தா நேராத்தான வரணும்? எடுத்த பெறகு கோணுதுன்னா, மத்தப் பக்கத்துல வேற என்னமோ இருக்கு."

திரையில் மூன்றாம் ஜோடியின் இடப்பக்கத்தை ஒரு காசுக் கனம் உயர்த்தி, தகரத்தை ஓடவிட்டாள். உள்ளே நேராகப் போனது, வெளியே கோணிக்கொண்டு வந்தது. முற்றத்தில் குவிந்து கிடக்கும் தகரத்தைப் படம் பிடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் இரண்டு பேருமாக இடப்பக்கத் தாங்கியைத் தளர்த்தினார்கள். அடியில் வட்டமாக ஒரு சுரூபம், கிறிஸ்தவர்கள் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போடும் பதக்கம். கையில் குழந்தையோடு அந்தோணியார்.

"இது யாருதுக்கா?"

"எனக்கென்ன தெரியும் மிஸ்." இவ்வளவு வேகமாக அவள் பொய் சொன்னதே இல்லை.

"சரி, எடுத்துருங்க."

"நானா? நீங்கதான வேதக்காரவுங்க. நீங்க எடுங்க."

டிலுக்ஷி கையை நீட்டினாள். பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"என்ன மிஸ், படிச்ச காலத்துல இருக்கோம்னீங்க?"

"அக்கா, பேசாம உங்க காசக் குடுங்க."

முந்தானை முடிச்சிலிருந்து காசு வந்தது. டிலுக்ஷி இரண்டையும் அளந்து பார்த்தாள். கனம் ஒன்றுதான். காசு வலப்பக்கம் போனது, சுரூபம் இருந்த இடத்திலேயே இருந்தது, நட்டுகள் இறுகின.

மறுநாள் தோட்டத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தகரம் நூல் பிடித்த மாதிரி வந்தது. முதலாளி டிலுக்ஷியின் தோளைத் தட்டிவிட்டு, வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சேர். சாமியும் இல்ல, பூதமும் இல்ல. முழுக்கக் கம்ப்யூட்டரு."

சொல்லிக்கொண்டே கழுத்துக் கயிற்றைத் தடவினார். அதில் ஒன்றும் தொங்கவில்லை.

அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமை அன்று நாகலெட்சுமி வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தோணியார் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

"சாமி, எங்க மொதலாளி மனசு மாறி உங்கள எடுத்துத் திரும்பக் கழுத்துல போட்டுக்கிடாமப் பாத்துக்கங்க. என் காசு தனியா நின்னா, தகரம் கோணிரும்."