குறுக்குக் கம்பிகள் இல்லாத பேஸ்

மாலை இசை வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. நான் பின்வரிசையில் காத்திருக்கிறேன். குழல்விளக்கின் கீழே எலக்ட்ரீஷியன் தன் பேஸ் கிட்டாரை மடியில் வைத்திருக்கிறார். அதன் கழுத்தில் சுர இடங்களைப் பிரித்துக் காட்டிய குறுக்குக் கம்பிகளையெல்லாம், சுரம் வழுக்கிச் செல்லட்டும் என்று போன வாரம் அவரே குறட்டால் பிடுங்கிவிட்டார். அந்த இடங்களில் மரத்தூளும் பசையும் அடைத்த வெளிர்க் கோடுகள் மட்டும் தெரிகின்றன. அவரிடம் வேறு கிட்டார் கிடையாது. நாளை மேடையில் பாட்டு, டிரம்ஸ் எதுவும் இல்லாமல் அவரும் மச்சினனும் இரண்டு பேஸ்களை மட்டும் வாசிக்க வேண்டும். “இருந்த ஒண்ணையும் பல்லு பிடுங்கிட்டீங்களே மாமா,” என்கிறான் மச்சினன். “நீ மட்டும் என்ன? பழைய கம்பியை வெந்நீர்ல போட்டு வேகவெச்சவன்தானே!” “வேகவெச்சா அழுக்கு போகும். பிடுங்கின பல்லு முளைக்குமா?” எலக்ட்ரீஷியன் கம்பியை மீட்டுகிறார். சுரம் தாழ்ந்து ஒலிக்கிறது. மறுபடி மீட்டுகிறார், மறுபடியும் தாழ்கிறது. அவர் முகம் சுண்டிப்போகிறது. மச்சினன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து அவர் விரலைப் பார்க்கிறான். “பழைய பழக்கத்துல கோட்டுக்கு முன்னாடியே நிறுத்துறீங்க மாமா. கோட்டு மேலயே வைங்க.” விரல் நூலளவு நகர்கிறது. இப்போது சுரம் நேராக நிற்கிறது. ஆம்ப்ளிஃபயர் மேலிருக்கும் தேநீர்த் தம்ளர் கிணுகிணுக்கிறது. தம்ளர் முதலில் அதிர்ந்ததா, அவர் முதலில் சிரித்தாரா, எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மச்சினன் தம்ளரை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத் தன் கிட்டாரைத் தோளில் மாட்டுகிறான்.