ராத்தா வீடு

"எழும்ப வேணாம் றிப்தா, தையல் இழுக்கும்!"

ஸஜீதா ஓடி வந்து தோளைத் தாங்கிப் பிடித்தாள். றிப்தா மெல்லத் தலையணையில் சாய்ந்தாள். அப்புத்தளையின் மூடுபனி யன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. விழித்திருக்கிறோமா, இன்னும் தூங்குகிறோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"கோச்சியில போனேன் ராத்தா."

"கனவா?"

"ஆமா. கோச்சி மேகத்துக்குள்ள போகுது. கீழ தண்டவாளமே இல்ல. பக்கத்துல யாரோ என் கையைப் பிடிச்சிட்டு இருக்காங்க. முகம்தான் தெரியல."

"வலிக்குளிசை போட்டா அப்படித்தான். கஞ்சியைக் குடிங்க."

கொழும்பில் ஆபரேஷன் முடிந்ததும் ஸஜீதாதான் பிடிவாதமாக இங்கே கூட்டி வந்தாள். உடம்பு துடைத்துவிடுவது, தலை சீவிவிடுவது, கஞ்சி ஊட்டுவது, எல்லாம் அவளே. கிருமி தொற்றிவிடக் கூடாதென்று வீட்டில் எல்லோர் முகத்திலும் மாஸ்க்.

கதவருகே ஸஜீதாவின் மகள் ஜிப்னா வந்து நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிரித்தன.

"சாச்சி, இந்தப் பனி எங்க போய்த் தூங்கும்?"

"பெரகலப் பக்கம் இறங்கி, அங்கயே படுத்துக்கும்."

ஜிப்னா அதை நம்பி, பனியைப் பார்க்க முன்னறைக்குப் போனாள்.

"டாக்டர் போன்ல பேசினாரு," என்றாள் ஸஜீதா. "இரத்தம் சோதிச்சதுல எல்லாம் சரியாம். புது ஈரல் நல்லா வேலை செய்யுதாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" றிப்தா கண்களை மூடிக்கொண்டாள். "உடம்பு ஏத்துக்காம போயிடுமோன்னு எவ்வளவு பயந்தேன் ராத்தா."

காதோரம் வழிந்த கண்ணீரை ஸஜீதா முந்தானையால் ஒற்றியெடுத்தாள்.

"இப்ப எனக்கு நடக்க ஏலும். நாளைக்கு பதுளைக்குப் போறேன். அவரு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

ஸஜீதா இன்னொரு கரண்டி கஞ்சி ஊட்டினாள்.

"வரட்டும். வாசல்ல நின்னு பார்த்திட்டுப் போகட்டும். புண் ஆறுற வரைக்கும் உங்களை நான் விடமாட்டேன்."

வெளியே எங்கோ ரயில் ஊதியது. சத்தம் பஞ்சுக்குள் புதைந்ததுபோல மெதுவாக அடங்கியது. றிப்தா ஸஜீதாவின் பக்கம் திரும்பினாள்.

"ராத்தா... என்மேல இன்னும் கோபம் இருக்கா?"

ஸஜீதா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் புருஷனைக் கட்டிக்கிட்டவன்னு உங்க முகத்தில முழிக்காம எத்தனை வருஷம் இருந்தேன்," என்றாள். "பெத்த என் ஈரல் பொருந்தலன்னு டாக்டர் கையை விரிச்சப்போ, உங்க வயித்தைக் கிழிச்சு எடுத்துக் குடுத்த துண்டிலதான் என் ஜிப்னா உசிரோட இருக்கா."