பேன் சீப்பு

“உன் பக்கத்துல உக்காந்தா எனக்கும் பேன் வந்துருமா?”

இரண்டாம் வகுப்பில் இப்படிக் கேட்ட சிறுமி, பதிலுக்குக் காத்திராமல் ஒட்டி உட்கார்ந்தாள். வகுப்பே ஒதுக்கிவைத்த அந்தப் பேன்தலைக்காரிக்கு இப்போது நாற்பது வயது.

மருந்துக் கடையில் அவள் பேன் சீப்பு கேட்டாள். கடைக்காரிக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“பொண்ணுக்கா, அக்கா?”

“எப்படி வாரணும், சொல்லும்மா. பேன் போகலைன்னா மொட்டைதான்னுட்டாங்க.”

“அடப்பாவமே, ஸ்கூல்லயா? ஈரத்தலையில கண்டிஷனர் தடவி, வேர்லருந்து நுனிவரைக்கும் வாருங்க. ரெண்டு வாரம் விடாதீங்க. உங்களுக்கும் ஒட்டிக்கும், ஜாக்கிரதை!”

“ஒட்டட்டும்மா.”

மதியம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு வந்தவள், நினைவிழந்து கிடந்த நோயாளியின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். யார் வாருகிறார்கள் என்று அந்த இரண்டாம் வகுப்புத் தோழிக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று, நீண்ட கூந்தலைக் கையில் ஏந்திச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.