திரைவிளக்கு கேட்ட வரம்

ஒரு கைபேசிக்குள் திரைவிளக்கு, பேட்டரி, விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர் என்ற நிரல், மூன்றும் குடியிருந்தன.

அன்று கரண்ட் இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன மகளிடமிருந்து செய்தி வருமென்று அமலோற்பவம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி தீர்ந்துகொண்டே வந்ததால் டிரைவர் விளக்கைக் குறைத்தது.

"என்னை ஏம்ப்பா அமுக்குறே? அந்தம்மா கண்ணைச் சுருக்குறாங்க பாரு," என்று முறைத்தது விளக்கு.

"பேட்டரி அக்கா மயங்கிட்டா சேதியே வராது. பொறுத்துக்கோ."

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் படம் வந்தது. "கர்த்தரே, ஸ்தோத்திரம்," என்று அமலோற்பவம் கைபேசியைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணீரில் விளக்கு நனைந்துபோனது.

"நீ நல்லாயிருக்கணும், டிரைவரு," என்றது. "என்னை இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோ. கரண்ட் வர்ற வரைக்கும் அவங்க அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க."