காலேஜ் பையனின் அம்மா

"அம்மா வேஷமா? அவருக்கு நானா?" நடிகை கதைத்தாளை மேசைமேல் விட்டெறிந்தாள். "அவருக்கு அறுபத்தஞ்சு, எனக்கு நாற்பது. ஒரு தடவை அம்மாவா நடிச்சுட்டா அப்புறம் எவனாவது என்னைக் கதாநாயகியா போடுவானா?"

இயக்குநர் குழைந்தார். "மேடம், படத்துல ஹீரோ காலேஜ் பையன். ஜோடிப் பொண்ணுக்கு இருபது. அம்மாவுக்கு நாற்பதுதானே பொருந்தும்? சாரே உங்க பேரைத்தான் சொன்னார்."

"அவரேவா?"

அந்தக் காலேஜ் பையன் அடுத்த அறையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

"ஏம்ப்பா, பெத்த பொண்ணையே உங்களுக்கு அம்மாவா நடிக்கச் சொல்றீங்களே, இது அடுக்குமா?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கம்மா முப்பது வயசுலயே எனக்கு அம்மாவா நடிச்சா. ஒரு வார்த்தை முணுமுணுத்தாளா?"