பதினோராவது பொருத்தம்

"இந்தக் கார் எல்லாருக்கும் ஸ்ரார்ட் ஆகாது, தம்பி. ஆளைப் பிடிச்சால்தான் ஆகும்," என்று சாவியை நீட்டினார் கிருஷ்ணராசா.

தீபன் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

லண்டன் ஹரோவில் கிருஷ்ணராசாவின் வீட்டு வாசலில், சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மே மாத வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. எழுபதுகளில் செய்த கார். இரண்டே இருக்கைகள். கூரையைப் பின்னால் மடித்துவிட்டிருந்தார். எஞ்சினை மூடும் பொனற்றில் விபூதிக் கோடுகள், முன் சக்கரத்துக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழம்.

கதவடியில், பொரித்த ரோல்ஸ் பலகாரத் தட்டுடன் நின்ற ரமா கணவரை முறைத்தாள். "இரும்புக்கு என்ன உயிர், என்ன குணம்? பெடியன் பசியோட வந்திருப்பான். முதல்ல உள்ள வந்து சாப்பிடட்டும்."

"கார் சொல்லட்டும். பிறகு சாப்பிடலாம்."

மகள் மயூரா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி தாயின் பின்னால் நின்றாள்.

கிருஷ்ணராசா பகிடிக்குச் சொல்லவில்லை. மழை பெய்தால் கார் முகத்தை நீட்டும், அதன் முன்னால் வேறு காரைப் புகழ்ந்தால் கொதிக்கும் என்று நம்புகிறவர். மயூராவுக்குச் சாத்திரியார் பத்துப் பொருத்தமும் பார்த்து அனுப்பிய மாப்பிள்ளைகள் மூன்று பேரையும் இதே வாசலில் வைத்துத்தான் சோதித்தார். முதலாவது ஆள் இதை விற்றால் என்ன விலை போகும் என்று கேட்டான். இரண்டாவது ஆள் உட்காருமுன் இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்தான். மூன்றாவது ஆள் கைப்பேசியில் பேசிக்கொண்டே சாவியைத் திருப்பினான். மூவருக்கும் கார் முனகியதே தவிரப் பற்றவில்லை. "கார் வேண்டாம் எண்டிட்டுது," என்று கிருஷ்ணராசா கையை விரிக்க, அத்தோடு அந்தப் பேச்சுகள் முடிந்துபோயின. சட்டனில் இருக்கும் உறவினர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மூன்றாவது ஆள் போன பிறகுதான் மயூரா துணிந்து, தான் விரும்பும் தீபனைப் பற்றிச் சொன்னாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்தவன், இப்போது வங்கியில் வேலை. காரைக் காடி என்று சொல்லுகிற பெடியனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று தகப்பன் முணுமுணுத்தார். இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை வரச் சொன்னார். அவனுக்கும் அதே சோதனைதான், கார் மறுத்தால் மறுத்ததுதான் என்றார்.

அதுதான் மயூராவுக்குப் பயம். ஏனென்றால், அந்தக் காரின் உயிர் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அது அவளுடைய கைப்பைக்குள் இருந்தது.

ரோட்டர் என்று அப்பா சொல்லும், கட்டைவிரல் அளவான கறுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றாது. சின்ன வயதிலிருந்தே சனிக்கிழமைகளில் அப்பா காருக்குக் கீழே படுத்திருக்க, ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியவள் அவள். மாப்பிள்ளை வரும் நாளில் அதைக் கழற்றுவாள், அடுத்த நாள் திரும்ப அதன் இடத்தில் பூட்டிவிடுவாள். மூன்றாவது முறை பூட்ட வசதி கிடைக்கவில்லை. இன்றைக்குக் காலையில் எப்படியாவது பூட்டிவிடலாம் என்று இருந்தாள். அப்பாவோ விடிந்ததிலிருந்து காரை விட்டு நகரவேயில்லை. அதைத் துடைப்பதும் தடவுவதுமாக நின்றார்.

"அப்பா, ஒரு நிமிசம்..."

"பேசாமல் நில், பிள்ளை."

தீபன் உட்கார்ந்தான். உடனே சாவியைத் திருப்பவில்லை. பழைய காரைப் பற்றவைக்க இழுக்கும் சோக் குமிழ் எங்கே இருக்கிறது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டான். பிறகு ஸ்டியரிங்கை ஒருமுறை தடவி, தாழ்ந்த குரலில், "கைவிட்டுடாதம்மா," என்றான்.

"ஆரோட கதைக்கிறீர்?" என்றார் கிருஷ்ணராசா.

"காடியோடதான், அங்கிள். ஆளைப் பிடிச்சாதான் ஸ்டார்ட் ஆகும்னு சொன்னீங்களே."

மயூரா கண்களை மூடிக்கொண்டாள். பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். துண்டு அங்கேயே, கெட்டியாக, இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

அடுத்த கணம் தெருவே அதிர்ந்தது.

எஞ்சின் ஒரே திருப்பில் பற்றி உறுமியது. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் செடி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். ரமாவின் தட்டிலிருந்து ஒரு ரோல் உருண்டு விழுந்தது. "கடவுளே, இதுக்கு உண்மையிலேயே உயிர் இருக்கு," என்று அவள் கார் நின்ற பக்கமே கும்பிட்டாள்.

மயூரா பைக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தாள். உயிர் கைப்பைக்குள் இருக்க, உடல் எப்படி ஓடுகிறது?

கிருஷ்ணராசா மறுபக்கக் கதவைத் திறந்துபிடித்தார். "ஏறு, பிள்ளை. ரெண்டு பேரும் ஒரு சுற்றுப் போட்டு வாங்கோ. மெதுவா, தம்பி. பழத்துக்கு மேல ஏத்தி எடும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். சில்லு எலுமிச்சம்பழத்தை நசுக்க, அந்த மணம் குப்பென்று எழுந்தது. முன்பு வந்த மூவருக்கும் அப்பா எலுமிச்சம்பழம் வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள்.

கிருஷ்ணராசா கதவின் மேல் குனிந்து, எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பையில இருக்கிறதைப் பத்திரமா வை, அது இனி ஸ்பெயார். முதலாவது ஆள் வந்துபோன அண்டைக்கே நான் இன்னொண்டு வாங்கிட்டன். மற்ற ரெண்டு பேரும் வரேக்க அது என்ர பொக்கெற்றுக்குள்ளதான் கிடந்தது."